கார்த்திகை வரை காத்திருந்த கையெழுத்து

பல் டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை இழுத்து வைத்து, உள்ளே எட்டிப் பார்த்தார். வாய்க்குள் இரும்பை விட்டுக்கொண்டே, "தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?" என்று கேட்டார். இந்த டாக்டர்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் இது. வாயை அடைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள்.

இரும்பை எடுத்த பிறகு, "அப்படி ஒண்ணும் எங்க வீட்ல சொன்னதில்லையே" என்றேன்.

"அப்பப் பகல்லதான் கடிக்கிறீங்க. எடது பக்கம் ரெண்டு கடவாப்பல்லும் தேஞ்சு மொட்டையாக் கெடக்கு. ஒண்ணுல விரிசலே விட்டிருக்கு. என்ன வேல பாக்குறீங்க?"

"டிரைவர்."

"லாரியா?"

"பஸ்சு. பிரைவேட்டு."

"ஓ" என்றார். கொஞ்சம் நீளமான ஓ. பிறகு, "டென்ஷன் சாஸ்தியோ?" என்றார்.

"எனக்கென்ன டென்ஷன்? அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவர் ஓரடி பின்னால் போய்விட்டார். விரிசலை அடைத்துவிட்டு, வலித்தால் ஒரு கிராம்பை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், பல்லைக் கடிக்காமல் இருக்கப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். கடிக்காமல் எப்படி இருப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இது தொண்ணூறுகளின் பின்பாதி. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து உசிலம்பட்டி வழியாகப் பேரையூருக்கு ஓடிய ஒரு தனியார் பஸ்சுக்கு நான் டிரைவர். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. ரோடு எனக்குப் பிரச்சினையே இல்லை. எருமை குறுக்கே வரும், மாட்டு வண்டி வரும், தாலி கட்டின கையோடு கல்யாண வேன் வரும். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். எங்கள் உயிரை எடுத்தது டைமிங்தான்.

வெளியாளுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பஸ்சும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்ப ஒரு நிமிடம் குறித்திருக்கும். எனக்கு எட்டு நிமிடம் முன்னால் ஒரு வண்டி கிளம்ப வேண்டும். அந்த வண்டிக்காரர் எட்டு நிமிடம் முன்னால் கிளம்பாமல், கிளட்ச்சை மிதித்து உறுமிக்கொண்டே, இதோ அதோ என்று இரண்டு மூன்று நிமிடம் நிற்பார். என் வண்டிக்கு வர வேண்டிய ஆட்கள் எல்லாம் அதில் ஏறிவிடுவார்கள். நான் வெறும் சீட்டுகளை இழுத்துக்கொண்டு அவர் புழுதியைத் தின்றபடி செக்கானூரணி வரை போக வேண்டும். எனக்குப் பின்னால் வருகிறவனோ, நான் அவன் நேரத்தைத் தின்கிறேன் என்று ஆரன் அடித்தே காதைக் கிழிப்பான். மூன்று நிமிடத்துக்காக ஆரப்பாளையத்தில் சட்டை கிழிந்திருக்கிறது, கண்ணாடி உடைந்திருக்கிறது.

எங்களில் ஒருவரும் மனசு சரியில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால் வெயில் என்போம். மார்கழியிலும் வெயில்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. என் கண்டக்டர், மாப்ள என்றுதான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் டிக்கெட் கட்டுகளை எல்லாம் பிரித்துத் திரும்ப அடுக்குவான். முன்வண்டிக்காரர் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். பஸ்களை நேரம் பார்த்து அனுப்புகிற டைம் கீப்பர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். நாங்கள் கத்துவதற்கு எல்லாம் தலையை மட்டும் ஆட்டுவார். எனக்கு எந்த வழியும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அந்த டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

வீடு விளாங்குடியில். சாயங்காலம் சைக்கிளில் போய்ச் சேருவேன். வாசலில் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டதும் உள்ளே டி.வி. நின்றுவிடும். மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள். எனக்கு ஒரே மகள், அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆகா, அப்பன் வந்துவிட்டான் என்று பிள்ளை படிக்கப் போகிறது, என்ன மரியாதை, என்ன ஒழுக்கம் என்று நான் நினைத்துக்கொள்வேன். அடச்சே, இப்படியும் ஒரு மடையன் இருப்பானா!

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம். மகள் தானாக வந்து, "அப்பா, கார்த்திகை ஒண்ணு எந்தக் கெழம வருது?" என்று கேட்டாள்.

வருஷா வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி நான் ஐயப்பனுக்கு மாலை போடுகிற ஆள். நாற்பத்தெட்டு நாள் விரதம், பிறகு மலை. எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. காலண்டரை எடுத்துத் தேதியைக் காட்டினேன். அவள் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அதற்குப் பிறகு நாலு நாளைக்கு ஒரு தடவை, இன்னும் எத்தனை நாள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். "எம் மகளுக்குப் பக்தின்னா அம்புட்டுப் பக்தி மாப்ள. காலண்டர்ல நாளக் குறிச்சு வச்சுல்ல காத்துக் கெடக்கு."

"ஒங்க வயித்துல இப்படி ஒரு புள்ளையாண்ணே?" என்றான் மாப்ள. "அது தாயப் போல போல."

டைம் கீப்பர்கூட ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்.

கார்த்திகையும் வந்தது. எங்கள் குழுவுக்குக் குருசாமி ஒரு டயர்க்கடைக்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் ஒட்டுகிற கடை. என் வயதுதான். சாதாரண நாளில் அவர் வாயைத் திறந்தால் நாம் காதைப் பொத்த வேண்டும். ஆனால் பதினெட்டு முறைக்கு மேல் மலைக்குப் போனவர். விடியும் முன் கோயிலில் வைத்து அவர் கையால் துளசி மணி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். காக்கிக்குப் பதில் கறுப்பு வேட்டி. செருப்புக் கிடையாது. வெறும் காலால் பிரேக்கை மிதித்தால் வண்டியின் நடுக்கம் உள்ளங்காலில் தெரியும்.

மாலை போட்டவனுக்குப் பெயர் கிடையாது. அவனும் சாமி, அவன் பார்க்கிறவர்கள் எல்லோரும் சாமி. கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, ஒரு ஈ எறும்பைக்கூட வையக் கூடாது. முன்வண்டிக்காரரும் அதே நாளில் மாலை போட்டிருந்தார். முந்தின வாரம் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர் இப்போது ஸ்டாண்டில் எதிரும் புதிருமாக நின்று கும்பிட்டுக்கொண்டோம்.

"சாமி சரணம். நேரமாச்சு சாமி, எடுக்கலாமே சாமி" என்பேன் நான்.

"இந்தா எடுத்துட்டேன் சாமி. கோவிச்சுக்கிராதீங்க சாமி" என்பார் அவர்.

"அய்யய்யோ, கோவம் என்ன சாமி கோவம். வேணும்னா ஒரு நிமிசம் நின்னுகூடப் போங்க சாமி."

"வேணாம் சாமி. நீங்க வேணா மொதல்ல போங்க சாமி."

இப்படியே ஆளுக்கு ஆள் வழிவிட்டுக்கொண்டு இரண்டு பஸ்சுமே நேரத்துக்குக் கிளம்பாமல் போன நாளும் உண்டு. டைம் கீப்பர், "நீங்க சண்ட போட்டாலே தேவலயா சாமி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாலை போட்ட அன்று சாயங்காலமே மகள் ரேங்க் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள். காலாண்டுப் பரீட்சை மார்க். "சாமி, கையெழுத்து" என்றாள். என் முட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள். கணக்கில் ஐம்பத்தெட்டு. "பரவால்ல சாமி, அடுத்த தடவ பாத்துக்கிரலாம்" என்று சொல்லி, பிள்ளையார் சுழி போட்டுக் கையெழுத்திட்டேன். சிரித்தாள். அவள் கோரைப் பல் ஒன்று விழுந்து முளைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எப்போது விழுந்தது என்று கேட்டேன். "ஆடி மாசம்" என்றாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். வண்டி எஃப்.சி. சோதனைக்குப் போயிருந்ததால் எனக்கு வேலையில்லை. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. குடையை எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனேன். அவள் டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார். என் கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி சரணம். நீங்கதான் அப்பாவா? ஒங்க மகளால நான் ஹெச்.எம்.கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன் சாமி."

"ஏன் சாமி, என்ன செஞ்சா?"

"எல்லாப் புள்ளைகளும் ஒரு வாரத்துல ரேங்க் கார்டத் திருப்பிக் குடுத்துருச்சுக. இவ மட்டும் ஒரு மாசம். கேக்குறப்பல்லாம், 'எங்கப்பா கார்த்திகை ஒண்ணாந் தேதி மால போடுவாரு மிஸ், அதுக்கப்புறம் வாங்கிட்டு வாரேன்'னே சொல்லுது. சரி, ஏதோ நேர்த்திக்கடன் போல, மால போட்டாத்தான் பேனாவத் தொடுவாரு போலன்னு நானும் விட்டுட்டேன்." அவர் சிரித்தார். "அப்படி ஒரு வேண்டுதலா சாமி?"

"ஆமா சாமி" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த நேரத்தில் எனக்குமே பாதிதான் புரிந்திருந்தது. மகள் குடைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "போன வருசம் நீங்க செஞ்சது ஞாபகமில்லையா?"

"என்ன செஞ்சேன்?"

"காலாண்டு ரேங்க் கார்ட நீட்டுனா. நீங்க வந்து சட்டையக்கூடக் கழட்டல. 'இப்பத்தான் கேக்கணுமா சனியனே'ன்னு அதப் புடுங்கி வாசல்ல விட்டெறிஞ்சீங்க. சாக்கடைல போயி விழுந்துச்சு. நான்தான் குச்சிய வச்சு எடுத்துக் கழுவி, அடுப்பு மேல காயப் போட்டேன். மை எல்லாம் கரஞ்சு போச்சு. மறுநா நான் போயி டீச்சர்கிட்ட, மழைல நனஞ்சுருச்சுன்னு பொய் சொல்லி வேற கார்டு வாங்குனேன். கணக்குல எழுவத்தொண்ணு எடுத்திருந்தா. அதக் காமிக்கத்தான் ஓடியாந்தா."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று முன்வண்டி ஸ்டாண்டில் எத்தனை நிமிடம் கூடுதலாக நின்றது என்று இன்றைக்கும் சொல்வேன். ஐந்து. செக்கானூரணியில் அவர் எப்படிக் குறுக்கே நிறுத்தினார், நான் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார், மாப்ள யாரைப் பிடித்து இழுத்தான், எல்லாம் ஞாபகமிருக்கிறது. ரேங்க் கார்டை எறிந்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்படி ஒன்று என் கையில் இருந்ததாகவே வரவில்லை.

பெற்ற பிள்ளை என்னிடம் ஒரு கையெழுத்து வாங்க ஒரு மாதம் காத்துக் கிடந்திருக்கிறது. நான் அதைப் பக்தி என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேன். குளிக்கிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அழுதது அழுததுதானே.

மலைக்குப் போய்த் திரும்பினோம். ஊருக்கு வந்ததும் தேங்காய் உடைத்துக் குருசாமி கையால் மாலையைக் கழற்றிவிட வேண்டும், அதுதான் முறை. மற்றவர்கள் எல்லோரும் கழற்றினார்கள். நான் மட்டும், "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும் சாமி" என்றேன். இரண்டு நாள் நான்கானது. நான்கு பத்தானது. எனக்குப் பயம். மாலையைக் கழற்றினால் அந்தப் பழைய மிருகம் திரும்ப வந்து சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். மகள் அப்போது தினமும் வாசலுக்கு வந்து என் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டிருந்தாள். அதை இழக்க எனக்குத் தைரியமில்லை.

முன்வண்டிக்காரர் மாலையைக் கழற்றிய மறுநாளே மூன்று நிமிடம் நின்றார். நான் மட்டும் "சாமி, சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். மாப்ளைக்குத் தாங்கவில்லை. "அண்ணே, தனியா நீங்க ஒரு ஆளு சாமியா இருந்தா வண்டி ஓட்ட முடியாதுண்ணே" என்றான்.

பொங்கல் வந்தது. மறுநாள் மாட்டுப்பொங்கலுக்குக் கறி எடுக்கிறது எங்கள் வீட்டு வழக்கம். மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். கழுத்தில் மாலையோடு நான் உட்கார்ந்திருக்க, வீட்டில் கறியும் இல்லை, கருவாடும் இல்லை. மச்சினன் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "சித்திரத் திருவிழாவுக்காவது கழட்டுவீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவர்கள் போன பிறகு மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கென்ன, மால போட்டா நிம்மதி. தினம் மூணு மணிக்கு எந்திரிச்சுத் தல முழுகி, ஒங்களுக்குத் தனியா ஒல வச்சு, தனியாப் பாத்திரம் வெளக்கி, ரெண்டு மாசமா என் இடுப்பு ஒடியுது. அதக் கேட்டீங்களா?"

"கழட்டுனா கோவம் வந்துரும். புள்ள பயப்படும். நீதான சொன்ன?" என்றேன்.

"சரி, ஒண்ணு கேக்குறேன். அந்த முன்வண்டிக்காரரு மாலயக் கழட்டுன இந்தப் பத்து நாளா வண்டிய நேரத்துக்கா எடுக்குறாரு?"

"எங்க எடுக்குறாரு? நேத்துகூட மூணு நிமிசம்."

"அப்ப ஒங்களுக்குக் கோவம் வரல?"

"வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

"அம்புட்டுத்தான். அடக்க முடியுதுல்ல? அப்ப இத்தன வருசமா அது ஒங்க கையிலதான இருந்திருக்கு? ஐயப்பன் கையிலயா இருந்துச்சு?"

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். எனக்குப் பளார் என்று ஒன்று விழுந்த மாதிரி இருந்தது. அடக்க முடியாது என்று இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொண்டிருந்தது பச்சைப் பொய். மாலைக்கு அடங்கின கோபம் பிள்ளைக்கு அடங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மறுநாளே டயர்க்கடைக்குப் போனேன். குருசாமி கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா நானே வந்து அத்துருப்பேன். மாலையா இது, இல்ல மருந்தா?" என்றார். குளித்துவிட்டு வந்து, சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தி, மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெறும் கழுத்து குளிர்ந்தது.

அன்று முதல் நடையிலேயே பல் வலி ஆரம்பித்தது. முன்வண்டி நின்றுகொண்டிருந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், வேறென்ன. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, டீக்கடையில் நாலைந்து கிராம்பு கேட்டு வாங்கி ஒன்றை இடது கடவாயில் ஒதுக்கிக்கொண்டேன். உசிலம்பட்டி தாண்டியபோது ஒரு லாரிக்காரன் கை காட்டாமல் திரும்பினான். படக்கென்று கிராம்பு நசுங்கியது. காரம் தொண்டைக்குள் இறங்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வைய வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோபம் வருவது எனக்குத் தெரியாது. பல்லுக்குத் தெரியும். கிராம்பு அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அதற்குப் பிறகு ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது ஒரு கிராம்பு. நசுங்கினால் தாடையைத் தளர்த்தி, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற பிடியைத் தளர்த்தி, இன்னொன்று போட்டுக்கொள்வது. முதல் நாள் ஒன்பது கிராம்பு போனது. நாக்கு மரத்துவிட்டது, பேரையூரில் டீ குடித்தால் வெந்நீர் மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் நாலு, அதற்கப்புறம் மூன்று. சில நாள் திரும்ப ஆறு. நான் ஒன்றும் மகான் ஆகிவிடவில்லை.

"என்னண்ணே, வண்டி பூரா பிரியாணி வாசம் அடிக்குது" என்றான் மாப்ள. "ஏறுறவன்லாம் எந்தக் கடைன்னு கேக்குறான்."

மகள் வாசலுக்கு வருவது நின்றிருந்தது. மாலையைக் கழற்றிய அன்றைக்கே நின்றுவிட்டது. டி.வி. பழையபடி என் சைக்கிள் சத்தத்துக்கு அடங்கியது. யாரைக் குறை சொல்ல? நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, உள் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாயில என்னப்பா வாசம்?" என்று கேட்டாள்.

சொன்னேன். கோபம் வந்தால் பல்லைக் கடிக்கிறேன், கடித்தால் இது நசுங்கும், நசுங்கினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று சொன்னேன். "காமிங்க" என்றாள், தூரத்திலிருந்தே. நாக்கை நீட்டினேன். கிராம்பு முழுசாக இருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அதிலிருந்து சாயங்காலம் நான் வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுவானது. "இன்னைக்கு எத்தன?" நான் கணக்குச் சொல்வேன். பிறகு நாக்கை நீட்டுவேன். முழுசாக இருந்தால் டி.வி. திரும்ப ஓடும்.

தை பாதியில் ஒரு நாள். முன்வண்டிக்காரர் ஸ்டாண்டில் நின்றது போதாதென்று செக்கானூரணியிலும் வழியை மறித்து நான்கு நிமிடம் நிறுத்தினார். நான் இறங்கவில்லை. ஆரன் அடித்தேன், அவ்வளவுதான். ஆனால் கிராம்பு எட்டு போயிருந்தது. திரும்பி வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் அவரோடு மனசுக்குள் சண்டை. எங்கள் தெரு முனையில் திரும்பும்போது ஒன்பதாவதும் நசுங்கியது.

சட்டைப் பையில் இன்னும் மூன்று கிராம்பு இருந்தது. ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்விடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? கையைப் பையில் விட்டும்விட்டேன். வாசலில் மகள் நின்றிருந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். அவள் பின்னால் என்ன வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அரையாண்டு மார்க் வந்திருக்க வேண்டிய நாள்தான்.

"எத்தன?" என்றாள்.

"ஒம்பது" என்றேன்.

"காமிங்க."

கையைப் பையிலிருந்து வெறுமனே எடுத்தேன். நாக்கை நீட்டினேன். கிராம்பு நாராகக் கிடந்திருக்கும். அவள் கிட்ட வந்து எக்கிப் பார்த்தாள். இரண்டு கையும் பின்னாலேயே இருந்தன. முப்பது வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன், ஒரு நாளும் நான் அப்படிப் பயந்ததில்லை.

"அப்பக் கையெழுத்து நாளைக்கா?" என்று நானே கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ம்ஹும்" என்றாள். "நசுங்குனதக் காமிச்சீங்கள்ல." கையை முன்னால் கொண்டுவந்து ரேங்க் கார்டை நீட்டினாள்.

வாங்கித் திறந்தேன். கணக்கில் முப்பத்தொன்று. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது. தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது. எழுபத்தொன்று எடுத்த பிள்ளை ஐம்பத்தெட்டுக்கு இறங்கி முப்பத்தொன்றுக்கு வந்திருக்கிறது. அவள் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கொண்டாரவாப்பா?" என்றாள்.

"கொண்டா தாயி" என்றேன்.

சொம்பு நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து, அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மேலே கார்த்திகையில் போட்ட கையெழுத்து பிள்ளையார் சுழியோடு அழகாக இருந்தது. இது கோணலாக வந்தது. அவள் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"தேதியும் போடுங்கப்பா. இல்லாட்டி மால இல்லாமப் போட்டதுன்னு மிஸ் நம்ப மாட்டாங்க."

போட்டேன்.